சுமைகூலி

நோட்டின் கடைசி வரியில் ஒரு பூஜ்யம் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள வரிகளெல்லாம் அடித்தும் திருத்தியும், பென்சிலில் எழுதியதைப் பேனாவில் மாற்றியும், ஓரத்தில் அம்புக்குறி போட்டு அடுத்த பக்கத்துக்குத் தள்ளியும் உருமாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இந்த ஒரு வரி மட்டும் எழுதிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே நிற்கிறது: 'வேலைக் கூலி – 0'. சொந்தக் கையால் செய்யப்போகிற வேலைக்கு யார் யாருக்குக் கூலி கொடுப்பது என்ற நியாயத்தில் எழுதியது. வீட்டில் நிற்கும் பழைய அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினை இறக்கிவிட்டு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பின்னாளில் காண்டெஸாவுக்கும் அம்பாசிடருக்கும் போட்ட 1817 சி.சி. இசுஸு பெட்ரோல் எஞ்சினை அதன் ஐந்து கியர் பெட்டியோடு ஏற்றுவதற்கான திட்டம் அது. எஞ்சின், கியர் பாக்ஸ், ஹெட் வேலை, பேக்கிங் செட், மவுண்டிங், ஷாஃப்ட், ரேடியேட்டர், வயரிங், சைலன்சர் என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினால் வருகிற தொகை, மாதச் சம்பளக்காரன் ஒருவன் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டால் தாங்கக்கூடியதுதான். அது தாங்கக்கூடியதாக இருப்பதற்குக் காரணமே கீழே இருக்கும் அந்தப் பூஜ்யம்தானோ என்று கொஞ்ச காலமாக ஓர் உறுத்தல். வேலை இன்னும் தொடங்கவில்லை. தொடங்காமல் இருப்பதற்கு மழை, ஆபீஸ், ஆடி மாதம் என்று காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. நோட்டு மட்டும் தினமும் திறக்கப்படுகிறது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று முதலில் சொன்னவர் எஞ்சின் மாற்றிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். இங்கே எஞ்சின்தான் சுண்டைக்காய். கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ போய் நின்றால், கறுத்த எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே சாய்ந்து கிடக்கிற எஞ்சினுக்குக் கடைக்காரர் ஒரு விலை சொல்வார், நாம் ஒரு விலை சொல்வோம். என் நோட்டில் நாற்பதாயிரம் என்று இருப்பது அப்படி வந்த தொகை. பெயரும் உருவமும் உள்ள பொருளுக்கு விலை போடுவதில் சிரமமில்லை. எஞ்சின் ஒரு பக்கம் முழுமையான பொருளாக இருக்கிறது, வண்டி இன்னொரு பக்கம் முழுமையான பொருளாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற காலி இடத்துக்குத்தான் காசு போகிறது. பழைய எஞ்சின் உட்கார்ந்திருந்த மவுண்டிங்கில் புது எஞ்சின் உட்காராது. எட்டு எம்.எம். தகட்டில் ஒரு பிராக்கெட் வேண்டும். அந்தப் பிராக்கெட் எந்தக் கடையிலும் கிடையாது, ஏனென்றால் அது இந்த எஞ்சினுக்கும் சேராது இந்த வண்டிக்கும் சேராது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, செயின் பிளாக்கில் தொங்குகிற எஞ்சினுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவே அட்டையை நுழைத்துப் பார்த்து, ஓரத்தைக் கத்தரியால் நறுக்கி, மறுபடி நுழைத்துப் பார்த்து, அட்டையை லேத் பட்டறைக்கு எடுத்துப் போய், லேத்காரர் அதைத் தகட்டின் மேல் வைத்துச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு வெட்டித் தர வேண்டும். தகட்டின் விலை சொற்பம். வெட்டுக்கூலி அதைவிடச் சற்று அதிகம். அட்டையை நறுக்கிக்கொண்டு மல்லாந்து கிடக்கப்போகிற அந்த மதியத்தை எங்கே எழுதுவது?

கணபதிப் பக்கம் லேத் போட்டிருக்கிற ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். பம்பு செட்டுக்குப் பாகங்கள் கடைகிற பட்டறை. கடைசல் துருவலும் கூலண்ட் தண்ணீரும் கலந்த ஒரு புளிப்பு வாசனை, வாசலில் நுழையும்போதே செருப்புக்கடியில் நொறுங்குகிற இரும்புச் சுருள்கள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "காரு ஓட்டறதுக்குங்களா, பாக்கறதுக்குங்களா?" என்றார். கிண்டல் இல்லை. ஓட்டுவதற்கென்றால் ஒரு அளவு, பார்ப்பதற்கென்றால் ஒரு அளவு. அவருக்குத் தெரிய வேண்டியது அது. பழைய கியர் பெட்டியையே வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றலாமா, நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் கடைந்து தர முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். ஆனால் கிராங்கின் நடுவும் கியர் பாக்ஸ் ஷாஃப்டின் நடுவும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குக்கு, பட்டறைப் பேச்சில் சில 'தௌ'வுக்கு, மேல் விலகக் கூடாது, விலகினால் வண்டி ஓடும், ஓடிக்கொண்டே கிளட்ச் பிளேட்டையும் பேரிங்கையும் தின்னும். "தௌக் கணக்குல வேணும்னா தௌக் கணக்குல காசு ஆகுமுங்க" என்றார். எஞ்சினோடு அதன் கியர் பெட்டியையும் சேர்த்து வாங்குவது என்று முடிவானது அந்தப் பேச்சில்தான். கியர் பெட்டிக்குக் கொடுக்கிற கூடுதல் தொகை, ஒரு காலி இடத்தை வாங்காமல் தப்பிப்பதற்கான விலை. ஆனால் ஒரு காலி இடத்தை அடைத்தால் அது நகர்ந்து வேறு இடத்தில் போய் நிற்கிறது. கியர் பெட்டியின் நீளம் மாறுவதால் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்ட வேண்டும், ஒட்டியதைப் பேலன்ஸ் பார்க்க வேண்டும். இரண்டு முனையிலும் உள்ள யுனிவர்சல் ஜாயிண்டுகளின் சாய்வு ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும்; அந்த அதிர்வு சீட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்பீடாமீட்டர் கேபிள் பழைய பல்சக்கரத்துக்கு ஏற்பச் செய்தது, புதியதில் அது பொய் சொல்லும். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் சம்பின் பள்ளம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்து, ஸ்டீயரிங் ராக் அதில் முட்டுமா தப்புமா என்பது தெரியும். இதையெல்லாம் உள்பாகங்கள் இல்லாத வெறும் பிளாக்கை ஒருமுறை இறக்கிப் பார்த்தால்தான் தெரிந்துகொள்ள முடியும் என்பதால், ஒரே எஞ்சினைப் பல தடவை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள். ஏற்றுவதும் இறக்குவதும் பூஜ்யம் வரிக்குள் அடங்கும்.

பழைய எஞ்சின் சுமார் ஐம்பது குதிரைத்திறன். வரப்போவது சுமார் எழுபத்தைந்து. பாதிக்குப் பாதி கூடுதல் என்று சந்தோஷப்படலாம். ஆனால் இந்தக் கூடுதல் வந்து சேர்ந்த மறுகணமே வண்டியில் இருக்கிற மற்ற உறுப்புகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நோயாளி ஆகிவிடுகின்றன. நேற்றுவரை எந்தக் குறையும் சொல்லாத ரேடியேட்டர் இன்று போதாது. எரிகிற எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிற வேலையாகிறது, ஒரு பங்கு சைலன்சர் வழியே போகிறது, ஒரு பங்கு தண்ணீரில் இறங்குகிறது. திறன் கூடினால் தண்ணீரில் இறங்குகிற சூடும் கூடும், சித்திரை மாத மதியத்தில் காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது அந்தச் சூடு எங்கே போகும்? நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஐம்பது குதிரையை நிறுத்துவதற்கென்று வைத்தது. பின்னால் இருக்கிற லீஃப் ஸ்பிரிங், கிரவுன், ஆக்ஸில் எல்லாம் ஒருவருக்கொருவர் இத்தனை வருஷம் அனுசரித்துக் குடித்தனம் நடத்தியவை. 1957 வாக்கில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அந்த உடம்பில் எதுவுமே அபாரமாக இல்லை, அதனால்தான் எதுவும் இன்னொன்றைத் தாழ்த்தவும் இல்லை. இப்போது ஒரு பலசாலியைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்து, அவன் பொருட்டு ஒவ்வொருவராக மாற்றிக்கொண்டே போனால் பட்ஜெட் எங்கே நிற்கும் என்பதைப் பொறியியல் சொல்லாது. நாமாகவே ஓரிடத்தில் போதும் என்று கோடு கிழிக்க வேண்டும். நான் ரேடியேட்டருக்கும் முன் பிரேக்குக்கும் பிறகு கிழித்திருக்கிறேன். ஏன் அங்கே என்று கேட்டால் பதில் இல்லை. கையில் இருக்கிற பணம் அங்கே முடிகிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய கணக்கைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், எஞ்சின் மெக்கானிக். வயதில் அப்பாவுக்கு நெருக்கமானவர் என்றாலும் ஊரே அண்ணன் என்று கூப்பிடுவதால் நானும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். எண்பதுகளில் பெட்ரோல் அம்பாசிடர் டாக்சிகளில் டீசல் எஞ்சின் ஏற்றிக் கொடுத்தவர். பெரும்பாலும் பஜாஜ் டெம்போவின் மேட்டடார் வேனிலிருந்து இறக்கியது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலையில் அப்போது நல்ல இடைவெளி. கம்பெனியே டீசல் அம்பாசிடர் விற்றாலும் இருக்கிற வண்டியை விற்றுப் புதிது வாங்க எல்லா டாக்சிக்காரருக்கும் வசதி கிடையாது. அந்த நாளில் அவர் எஸ்டிமேட் எப்படிப் போடுவார் என்று கேட்டேன். சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் என்றார். முதல் வரியில் என்ன எழுதுவார் என்று கேட்டதற்குச் சொன்ன பதில்தான் என் பூஜ்யத்தை எனக்குப் பூதமாக்கியது. "வண்டி எத்தன நாளு நிக்கும்ங்கறதுதான் மொதோ வரி. டாக்சிக்காரனுக்கு எஞ்சினு வெலயாங் கண்ணு பெருசு? நிக்கற நாளுக்கு வாடகை போச்சு, வட்டி ஓடுது, ஸ்டாண்டுல எடம் போயிரும்." நிற்கிற நாளுக்கு ஒரு விலை, அதற்குக் கீழே எஞ்சின், அதற்கும் கீழே கிலோமீட்டருக்கு மிச்சமாகும் எண்ணெய்க் காசு. மேலே இருப்பதைக் கீழே இருப்பது எத்தனை மாதத்தில் தின்று முடிக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார்கள். அந்தக் கணக்கு முடிகிற கணக்கு. அதில் ஆசை இருந்ததா என்றால் இருந்திருக்கும், மேட்டடார் எஞ்சின் அம்பாசிடருக்குள் கடகடக்கிற சத்தத்தை யாராவது ஒருவன் ரசித்திருப்பான். ஆனால் அதற்கு நோட்டில் வரி ஒதுக்க வேண்டிய தேவை இல்லை. டீசல் விலையை அரசு முழுக்கச் சந்தைக்கு விட்டது 2014 அக்டோபரில். அந்த ஆண்டு மே மாதமே உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். சிகரெட் அட்டைக் கணக்கின் இரண்டு பக்கமும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தன.

தேவை போட்ட கணக்கு என்றதும் யாழ்ப்பாணம் ஞாபகத்துக்கு வருகிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் பெட்ரோல் அரிதாகிப்போன அந்தக் குடாநாட்டில், மோட்டார் சைக்கிள்களும் பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும் துளி பெட்ரோல், சூடேறிய பிறகு மண்ணெண்ணெய். அழுத்தம் குறைவான அந்தக் காலத்து எஞ்சின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. அங்கே ஓடிய ஆஸ்டின் கேம்பிரிட்ஜில் இருந்த 1489 சி.சி. பி-சீரிஸ் எஞ்சினும் என் அம்பாசிடரில் இருப்பதும் ஒரே குடும்பம். நான் போதாது என்று இறக்கி வைக்கப்போவது, இன்னோர் ஊரில் இல்லாத எண்ணெயிலும் ஓடிக் காட்டிய எஞ்சின். இதனால் என் முடிவு மாறவில்லை. ஆனாலும் அதைக் கழற்றி வைக்க ஒரு மூலை பார்த்தபோது, இரும்புக் கடையில் போட்டால் கிலோவுக்கு இவ்வளவு வரும் என்று வரவுப் பக்கத்தில் எழுதியிருந்ததை மட்டும் அடித்துவிட்டேன். வரவு குறைந்தது. அவ்வளவுதான்.

ஆசை போட்ட கணக்குக்கும் நம் ஊரில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோயம்புத்தூர் கரிவர்தன் எண்பதுகளின் இறுதியில் மாருதி 800-இன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் அதில்தான் முதலில் பந்தயம் ஓட்டினார்கள். 1995-இல் விமான விபத்தில் கரிவர்தன் இறந்துபோனார், இன்று செட்டிபாளையம் பக்கம் இருக்கிற பந்தயத் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் செய்ததையும் நான் செய்யப்போவதையும் ஒரே மூச்சில் சொல்வது அகராதித்தனம், தெரியும். சொல்வதற்குக் காரணம் வேறு. அவர் எஞ்சினை முதலில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வண்டி கட்டினார். அப்படிக் கட்டும்போது நடுவில் காலி இடம் என்று ஒன்று பிறப்பதில்லை, எல்லாமே வரைபடத்தில் முதலிலிருந்தே ஒட்டிப் பிறக்கின்றன. ஏற்கெனவே முடிந்துபோன ஒரு வண்டியில் ஏற்கெனவே முடிந்துபோன ஒரு எஞ்சினை வைப்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள்: செவர்லேயின் வி8 எஞ்சினை இன்ன காரில் ஏற்ற வேண்டுமா, இந்தா மவுண்டிங், இந்தா வயரிங், இந்தா ஆயில் சம்ப் என்று காலி இடத்தையே பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். அங்கே பட்ஜெட் என்பது சாமான் பட்டியல். அந்த வசதி இங்கே இல்லாததில் எனக்கு வருத்தமா என்று கேட்டுப் பார்த்துக்கொண்டேன். பெட்டியில் வந்தால் அட்டை நறுக்க வேண்டியதில்லை. அட்டை நறுக்குவதற்காகத்தானே இவ்வளவும் என்று உள்ளே ஒரு குரல். அந்தக் குரலை நம்பினால் கூலி வரியில் பூஜ்யம்கூடத் தப்பு. அங்கே வர வேண்டியது செலவே இல்லை, வரவு.

சட்டத்தின் கணக்கு வேறு. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பத்துப் போக்குவரத்து வாகனங்களுக்குக் குறையாமல் வைத்திருப்பவர், அதே தயாரிப்பு அதே வகை எஞ்சினாக இருந்தால், மாநில அரசு அறிவித்திருக்கும் பட்சத்தில் முன் அனுமதி இல்லாமல் மாற்றிக்கொள்ள அதில் இடமுண்டு. மாற்றியதைப் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஒற்றை வண்டிக்காரனுக்கு அந்தச் சலுகை இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை அழுத்தமாக எடுத்துச் சொல்லி, உற்பத்தியாளரின் அசல் விவரத்தை மீறிய மாற்றத்துக்கு இடமில்லை என்றது. அதே கம்பெனி அதே அம்பாசிடரில் அதே இசுஸு எஞ்சினைப் போட்டு விற்றதே என்ற என் வாதம், பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து எஞ்சின் நம்பரைப் பார்த்துவிட்டு நிமிரும்போது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு நோட்டில் விலை போட வழியில்லை. பதினைந்து வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணத்தை 2022-இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள், இன்றைய கட்டணம் எதுவோ, அது போட முடிகிற விலை, போட்டிருக்கிறேன். வாங்குகிற எஞ்சினுக்குக் கடை பில்லும், அது எந்த வண்டியிலிருந்து இறங்கியதோ அதன் ஆர்.சி. நகலும் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் யாருடைய எஞ்சின் நம்பரோ நம் வீட்டு வாசலில் நிற்கும். இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஒரு விபத்தில் அவர் கையை விரிக்கலாம். இந்த விஷயத்தில் பலரும் சொல்கிற யோசனை ஒன்றுதான்: யார் பார்க்கப்போகிறார்கள். அந்த யோசனைக்கும் விலை பூஜ்யம். அனுமதி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதாமல் முதல் போல்ட்டில் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. எழுதியிருக்கிறேன், அதற்கு எதிரே தொகைக்குப் பதில் 'பழைய எஞ்சின் பத்திரம்' என்று இருக்கிறது.

வண்டியில் கியர் ஸ்டீயரிங் பக்கத்தில். முன் சீட்டு பெஞ்சு போல ஒரே நீளம், மூன்று பேர் உட்காரலாம். ஐந்து கியர் பெட்டிக்குத் தரையில் ஓட்டை போட்டு நடுவில் கியர் கம்பி நிறுத்த வேண்டும். பெஞ்சு சீட்டு போய் இரண்டு தனிச் சீட்டு வரும். வெட்டவும் வெல்டிங் வைக்கவும் டிங்கரிங்காரர் கேட்ட தொகை நோட்டில் இருக்கிறது. அம்மா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நடுவுல யாரு உக்கார்றது?" என்றார். யாரும் உட்கார மாட்டார்கள் என்றேன். "செரி" என்று எழுந்து போனார். கடைசியாக நடுவில் உட்கார்ந்தது யார் என்று யோசித்துப் பார்த்தால் யாரும் நினைவுக்கு வரவில்லை. பல வருஷமாக அந்த இடம் காலிதான். ஆனாலும் காலியாக இருப்பதும் இல்லாமல் போவதும் ஒரே தொகையா என்பதில் எனக்குத் தெளிவில்லை.

பூஜ்யத்துக்குத் திரும்புகிறேன். அதை ஒரு தொகையால் நிரப்பிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். என்ன விகிதம் போடுவது? ஆபீஸில் எனக்கு மணிக்கு என்ன விழுகிறதோ அதைப் போட்டால், வேலை தெரியாத ஒரு கையாளுக்குக் கோயம்புத்தூரிலேயே அதிகக் கூலி கொடுக்கிற பட்டறையாக என் வீட்டு வாசல் ஆகிவிடும். மொத்தத் தொகை நல்ல நிலையில் உள்ள ஒரு காண்டெஸாவை வாங்குகிற இடத்துக்குப் போய்விடும். பட்டறை உதவியாள் கூலியைப் போடலாம். போட்டால் அடுத்த கேள்வி வருகிறது: உதவியாள் என்று ஒருவன் இப்போது எங்கே இருக்கிறான்? அண்ணன் பட்டறையில் ஆளில்லை. பையன்கள் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகிறார்கள், சாப்பாடு டெலிவரிக்குப் போகிறார்கள், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். எண்பதுகளில் மேட்டடார் எஞ்சின் மாற்றும் கூலி டாக்சிக்காரருக்குக் கட்டுப்படியானதற்கு ஒரு காரணம், அந்தப் பட்டறைகளில் மண்ணெண்ணெய் டின்னில் போல்ட் கழுவிக்கொண்டும், வண்டிக்கடியில் படுத்திருப்பவருக்கு லைட் பிடித்துக்கொண்டும், கேட்ட சைஸ் ஸ்பேனரை எடுத்து நீட்டிக்கொண்டும் இருந்த அரைக்கால் சட்டைகள். அண்ணனே அப்படி வந்தவர்தான். என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேட்டேன். "கூலியா? ரெண்டு நேரம் சோறு, தீவாளிக்குத் துணி. கத்துக்கறவனுக்கு எவங் கூலி குடுப்பான்?" இதைக் குறையாகச் சொல்லவில்லை. தன் குருவைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் இன்றும் ஒரு படி இறங்குகிறது. ஆனால் எனக்குக் கேட்டது வேறு. சிகரெட் அட்டையின் முதல் வரியில் வண்டி நிற்கிற நாளுக்கு விலை இருந்தது, லைட் பிடித்தவனின் நாளுக்கு இல்லை. அந்தக் கணக்கும் ஒரு பூஜ்யத்தின் மேல்தான் நின்றிருக்கிறது. அட்டையில் அதை எழுத வேண்டிய அவசியம்கூட யாருக்கும் இருக்கவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986-இல். பதினான்கு வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று 2016 திருத்தம் சொன்னது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கோடு. ஞாயிற்றுக்கிழமை என் மகன் டார்ச் பிடிக்கப்போவதாக இருக்கிறான். குடும்பத்துக்குள்தான், தொழில்கூட இல்லை, விளையாட்டு. சட்டத்துக்கு இதில் வேலையில்லை. இருந்தாலும் டார்ச் ஒரு பக்கம் சாய்ந்ததும் "நேரா புடிடா" என்று நான் கத்தப்போகிற தொனி எனக்கு முன்கூட்டியே தெரிகிறது. அது எந்தப் பட்டறையில் பிறந்த தொனி என்பதும் தெரிகிறது.

நம் ஊரில் வாகன வேலை மலிவு என்ற பெருமையும், அதைப் பார்த்து வளர்ந்த நாம் நாமே செய்துகொண்டால் இன்னும் மலிவு என்று போடுகிற கணக்கும் அந்தப் பையன்களின் நாட்களிலிருந்து வந்தவை என்றுதான் நினைக்கிறேன். அன்று அவர்கள் தலையில் இருந்த பூஜ்யத்தை இன்று நாமாக விரும்பி எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறோம். நமக்கு அது பொழுதுபோக்கு, மாதச் சம்பளம் வந்துவிடுகிறது, கை வழுக்கி விரல் நசுங்கினால் மெடிக்கல் லீவு இருக்கிறது. விரும்பிச் சுமப்பவன் கூலி கேட்கக் கூடாது என்பது நியாயமாகத்தான் படுகிறது. படுகிற வேகத்தைப் பார்த்தால்தான் சந்தேகமாக இருக்கிறது.

போன வாரம் அண்ணனிடம் நோட்டைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, விரலை எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எஞ்சின் விலைக்குத் தலையசைத்தார். மவுண்டிங் ரப்பர் பழையது வேண்டாம், புதிதே வாங்கு என்றார். ரேடியேட்டர் வரியில் நின்று, கோர் மட்டும் மாற்றினால் போதும், முழுசாக எதற்கு என்று அந்தத் தொகையைப் பாதியாக்கினார். ஷாஃப்ட் வரிக்கு வந்ததும், "பேலன்சிங் சேத்துப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். சேர்த்துத்தான் என்றேன். கடைசி வரியில் அவர் விரல் நிற்கவில்லை. 'இதர செலவு – 15,000' என்று அதற்கு மேல் வரியில் நான் எழுதியிருந்ததைத் தட்டிக் காட்டி, "இதரன்னா என்ன தம்பி, இவ்ளோ?" என்றார்.